ட்ரூபலின் ப்ராஜெக்ட் ப்ரவுசர்: சொந்தப் பட்டியல் செய்து பார்த்தேன்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தங்குமிடங்களுக்கும் முன்பள்ளிகளுக்கும், இணையத்தளம் கட்டும் மென்பொருளான ட்ரூபலில் தளம் செய்து கொடுக்கிறேன். தளத்தை ஒப்படைத்த மறுவாரமே போன் வரும். "தங்கச்சி, இதுல படம் போடுற மாதிரி ஒன்னு சேர்க்கணும், எங்க போய் எடுக்கிறது?"

2025 ஜனவரியில் வந்த ட்ரூபல் சிஎம்எஸ் என்ற தயார்நிலைப் பதிப்போடு ப்ராஜெக்ட் ப்ரவுசரும் சேர்ந்தே வருகிறது. தளத்துக்குப் புது வசதிகளைச் சேர்க்கும் துணை நிரல்களான மொடியூல்களை நிர்வாகப் பக்கத்தில் இருந்தபடியே தேடலாம். எனக்கு வசதிதான். ஆனால் ஒரு முன்பள்ளி டீச்சர் திரையில் வரும் அத்தனை ஆங்கில விளக்க அட்டைகளில் எதை நம்பி எடுப்பார்?

நம் சொந்த மொடியூல் பட்டியலை ப்ளக்இன்னாக, அதாவது இதோடு பொருந்தும் சிறு நிரலாக எழுதி இதில் சேர்க்க முடிவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிஎச்பி நிரல் மொழியில் ஒரு கிளாஸ் போதும். அதற்குள் வகைகளைத் தர ஒரு மெதட் (செயற்கூறு), மொடியூல்களைத் தர ஒரு மெதட். வெப்ஃபோர்ம், பாத்ஆட்டோ என்று நான் பழகிப் பார்த்த 14 மொடியூல்களை மட்டும் போட்டு, விளக்கங்களைத் தமிழில் எழுதினேன். அமைப்புப் பக்கத்தில் ட்ரூபலின் பொதுப் பட்டியலை நிறுத்திவிட்டால் நம்முடையது மட்டும் தெரியும்.

தேடலில்தான் இடறினேன். தட்டிய சொல்லை ப்ராஜெக்ட் ப்ரவுசர் நம் மெதட்டிடம் கொடுத்துவிடும். பொருத்திப் பார்ப்பது நம் வேலை. விளக்கத்தில் "படங்கள்" என்று எழுதியிருந்தேன். டீச்சர் "படம்" என்று தட்டினார், ஒன்றும் வரவில்லை. பன்மையில் ம் போய் ங் வந்துவிடுகிறதே! அப்புறம் ஒவ்வொரு மொடியூலுக்கும் "படம், படங்கள், போட்டோ" என்று தேடுசொற்களைத் தனியாகச் சேர்த்தேன். தமிழில் செய்பவர்கள் இதை முதலிலேயே கவனியுங்கள்.

இன்னொன்று, விளக்கத்தைத் திருத்தினாலும் பழையதே தெரியும். ப்ராஜெக்ட் ப்ரவுசர் தன் முடிவுகளைத் தனியாகச் சேமித்து வைக்கிறது. அதை அழிக்க, ட்ரூபலின் கட்டளை வரிக் கருவியான ட்ரஷில் தனிக் கட்டளையே இருக்கிறது. அது தெரியாமல் ஒரு மழை நாள் முழுக்க என் கோடில் பிழை தேடிக்கொண்டிருந்தேன். ஆவணத்தில் இதை இன்னும் முன்னால் போட்டிருக்கலாம்.

ப்ராஜெக்ட் ப்ரவுசரில் உள்ள நிறுவும் பொத்தானை நம்பி மலிவான ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சேவை) வாங்காதீர்கள். அதை அழுத்தினால், மொடியூல்களை இறக்கிச் சேர்க்கும் கருவியான கம்போசர் பின்னால் ஓட வேண்டும். நான் வாங்கிய இடத்தில் அதற்கு அனுமதி இல்லை. அங்கே ப்ராஜெக்ட் ப்ரவுசர் கட்டளை வரிகளை மட்டும் காட்டும், அதை நானே போய் ஓட்டுகிறேன். ஆனாலும் இப்போது டீச்சர் போனில், "பட்டியல்ல மூனாவது இருக்கிறது வேணும்" என்று தெளிவாகச் சொல்கிறார்.