38 செக்கன்: சைலன்ட் ஹண்டர் 4 உடன் ஏழு வருடம்

நீருக்கடியால் ஓடிப்போய்க் கப்பலில் வெடிக்கும் ஆயுதம்தான் டோர்பிடோ. அமெரிக்கரின் மார்க் 14 டோர்பிடோவை முழு வேகத்தில் விட்டால் 900 மீற்றர் தூரத்தில் நிற்கும் கப்பலுக்குப் போய்ச் சேர 38 செக்கன் எடுக்கும். விளையாட்டிலேயே ஒரு கடிகாரம் இருக்கிறது, ஆனாலும் நான் வாய்க்குள் எண்ணுவேன். முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு. பிறகு நாற்பதும் தாண்டும். பட்டது, ஆனால் வெடிக்கவில்லை என்று என் நீர்மூழ்கிப் படகில் இருப்பவன் சொல்வான். எதிரிக் கப்பல் விழித்துக்கொள்ளும், காவல் கப்பல் என் பக்கம் திரும்பும்.

2007 இல் வந்த கணினி விளையாட்டு இந்தச் சைலன்ட் ஹண்டர் 4. பசிபிக் கடலில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலின் கப்டனாக இரண்டாம் உலகப் போருக்குள் போகிறோம். 2018 இல் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கியபோது, அதில் ஓடக்கூடியது எது என்று தேடித்தான் இதற்கு வந்தேன். இன்றுவரை விடவில்லை. விடாததற்குக் காரணம் அமைப்புகளுக்குள் இருக்கும் ஒரேயொரு தெரிவு: டோர்பிடோக்கள் வெடிக்காமல் போகலாம் என்பது. முதல் வருடம் அதை அணைத்து வைத்துத்தான் விளையாடினேன். விட்டதெல்லாம் வெடித்தது, ஒரு கிழமையில் சலித்தும் போனது. பிறகு ஒருநாள் அதைப் போட்டுவிட்டேன்.

அன்றைய முதற் பயணத்தை மறக்க முடியாது. பெரிய எண்ணெய்க் கப்பல் ஒன்று, பக்கவாட்டில் சரியாகத் தொண்ணூறு பாகையில் நிற்கிறது. பாடப்புத்தகத்தில் போடலாம், அப்படியொரு கோணம். நான்கு விட்டேன். ஒன்று பாதி வழியில் தானாக வெடித்தது. ஒன்று கப்பலுக்கு அடியால் போய்விட்டது. மற்ற இரண்டும் பட்டன, வெடிக்கவில்லை. கணினியில்தான் ஏதோ பிழை என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அதே கதை. அதற்குப் பிறகுதான் உண்மைச் சரித்திரத்தைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

மார்க் 14 இல் இருந்தது ஒரு பிழையல்ல, மூன்று. ஒன்று மற்றதை மறைத்துக்கொண்டிருந்தது. முதலாவது ஆழம். வைத்த ஆழத்தைவிடப் பத்தடி கீழே ஓடியது. பயிற்சிக்கு டோர்பிடோவின் முன்னால் போட்ட தலை இலேசானது, போருக்குப் போட்ட வெடிமருந்துத் தலை பாரமானது. நீரழுத்தத்தைப் பார்க்கும் கருவி பொருத்திய இடமும் பிழை. ஓடும் வேகத்தில் அந்த இடத்தில் அழுத்தம் குறைவதால், தான் மேலே ஓடுவதாக அது எடுத்துக்கொண்டு இன்னும் கீழே இறங்கியது. இரண்டாவது, கப்பலின் அடியில் போகும்போது காந்தப்புலத்தை உணர்ந்து வெடிக்க வேண்டிய பொறி. அது நேரத்துக்கு முன்னமே வெடித்தது, அல்லது வெடிக்கவே இல்லை. மூன்றாவது, முட்டினால் வெடிக்க வேண்டிய ஊசி. நேராக, பலமாக மோதும்போது அந்த ஊசி தன் வழியில் இறுகி நின்றுவிடும். சரிவாகப் பட்டால் வெடிக்க வாய்ப்புக் கூட. ஆகத் திறமாகக் குறிபார்த்து அடித்தவனுக்குத்தான் ஆக மோசமான பலன் கிடைத்தது.

கடலில் இருந்து திரும்பிய கப்டன்மார் இதைச் சொன்னபோது, கடற்படையின் ஆயுதப் பிரிவு அவர்கள் குறிபார்த்ததில்தான் பிழை என்றது. எத்தனையோ பேருடைய பெயர் இதனால் கெட்டது. எனக்கு இந்த விடயத்தில் இன்றைக்கும் கோபம் வரும்.

இதைக் குருநகரில் இருக்கும் என் மாமாவிடம் சொன்னேன். வாழ்நாள் முழுக்கக் கடலுக்குப் போனவர். நான் விளையாடும்போது சில நேரம் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பார். கேட்டு முடித்ததும் சொன்னார்: "தம்பி, உது எவ்வளவு ஆழத்திலை போகுது எண்டு பாக்க வலையைக் கட்டி விட்டாச் சரிதானே. ஓட்டை எந்தப் பாகத்திலை எண்டு பாத்தால் தெரியும்."

பாகம் என்பது கடற்காரரின் ஆழக் கணக்கு, ஒரு பாகம் ஆறடி. எனக்கு மயிர் கூச்செறிந்தது. 1942 ஜூனில், அமெரிக்க நீர்மூழ்கிகளுக்குப் பொறுப்பாக அவுஸ்திரேலியாவில் இருந்த அட்மிரல் லொக்வுட் செய்தது அதேதான். மேற்கு அவுஸ்திரேலியாவின் அல்பனியில், வெடிமருந்து இல்லாத டோர்பிடோக்களை மீன்பிடி வலை ஒன்றுக்குள்ளால் விட்டுப் பார்த்தார்கள். பத்தடியில் ஓட வைத்தது 25 அடியில் வலையைக் கிழித்துக்கொண்டு போனது. சராசரியாக 11 அடி பிழை என்று கண்டார்கள், ஒன்றரைப் பாகத்துக்கும் கூட.

மாமா அதோடு விடவில்லை. "வலை நேரா நிண்டதோ? நீரோட்டம் இழுத்தால் வலை சாயும். ஓட்டை இன்னும் கீழை இருக்கிற மாதிரிக் காட்டும்" என்றார். ஆயுதப் பிரிவும் சோதனை நடந்த விதம் சரியில்லை என்றுதான் முதலில் பதில் அனுப்பியது. லொக்வுட் திரும்பவும் செய்து காட்டினார். அந்த ஓகஸ்டில்தான் ஒத்துக்கொண்டார்கள்.

ஆழம் சரிவந்த பிறகும் ஊசியின் பிழை மிஞ்சி இருந்தது. 1943 ஜூலை 24 அன்று டினோசா என்ற அமெரிக்க நீர்மூழ்கிப் படகின் கப்டன் டஸ்பிட், தோனான் மாரு 3 என்ற மிகப் பெரிய எண்ணெய்க் கப்பலைப் பிடித்தார். இரண்டு வெடித்து அந்தக் கப்பல் ஓட முடியாமல் நின்றுவிட்டது. பிறகு அசையாத இலக்குக்கு, ஆறுதலாக, ஒவ்வொன்றாக 9 விட்டார். ஒன்றுகூட வெடிக்கவில்லை. மிஞ்சிய ஒன்றை மட்டும் விடாமல், சோதித்துப் பார்க்கட்டும் என்று பேர்ள் ஹார்பருக்குக் கொண்டுபோனார். அந்த நிலையில் கோபத்தை அடக்கி ஒன்றை மிச்சம் பிடித்தாரே, அதற்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். அதன் பிறகு ஹவாயின் கஹூலாவே தீவில் செங்குத்தான பாறைக்கு எய்து பார்த்தார்கள். 90 அடி உயரத்திலிருந்து இரும்புத் தட்டில் போட்டும் பார்த்தார்கள். நேராக விழுந்தவற்றில் பத்துக்கு ஏழு வேலை செய்யவில்லை.

ஜேர்மன்காரருக்கும் இதே தலைவிதி. 1940 ஏப்ரலில் நோர்வேயில், நங்கூரமிட்டு நின்ற கப்பல்களுக்கு யூ-47 என்ற நீர்மூழ்கியின் கப்டன் பிரீன் விட்டவையும் வெடிக்கவில்லை.

வெடிக்காததைப் பொறுக்கலாம். திரும்பி வருவதுதான் பயங்கரம். விளையாட்டில் இது எனக்கு இரண்டு தரம் நடந்தது. முதல் தரம் பெரிஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன், வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து வளைந்து என் பக்கம் வந்தது. உடனே ஆழத்துக்கு இறக்கித் தப்பினேன். இரண்டாம் தரம் தப்பவில்லை.

டாங் என்ற உண்மையான அமெரிக்க நீர்மூழ்கிப் படகும் தப்பவில்லை. 1944 ஒக்டோபரில், தாய்வான் நீரிணையில், கப்டன் ஓகேன் தன் 24 ஆவது டோர்பிடோவை விட்டார். கடைசி டோர்பிடோ, அதோடு வீடு திரும்ப வேண்டியதுதான். அது இடப்பக்கம் வளைந்து வந்து டாங்கின் பின்பகுதியிலேயே பட்டது. 78 பேர் இறந்தார்கள், 9 பேர் தப்பினார்கள். 1942 மார்ச்சில் ஆர்க்டிக் கடலில் பிரித்தானியக் கப்பல் டிரினிடாட்டும் தன் டோர்பிடோவினாலேயே அடிபட்டது, அதில் 32 பேர். விளையாட்டில் நான் பழைய சேமிப்பைத் திறந்து தொடர்ந்தேன். அன்றிரவு அந்த 78 பேரை நினைத்துக்கொண்டு நெடுநேரம் நித்திரை வரவில்லை.

எங்கள் கடலுக்குக் கிட்டவும் ஒன்று உண்டு. 1944 பெப்ரவரியில் மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்த கெதீவ் இஸ்மாயில் கப்பலை, மாலைதீவுப் பக்கம் ஐ-27 என்ற ஜப்பானியப் படகு மூழ்கடித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஐ-27 ஐ முடிக்க பெட்டார்ட் என்ற நாசகாரிக் கப்பலுக்கு ஏழு டோர்பிடோ வேண்டியிருந்தது. முதல் ஆறும் தவறின.

சரி, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பழைய கணினியே போதும். ஹெட்போன் கட்டாயம் வேண்டும், காதுதான் பாதி விளையாட்டு. 2022 மின்வெட்டுக் காலத்தில் படகின் பேட்டரியையும் மடிக்கணினியின் பேட்டரியையும் ஒன்றாகக் கணக்குப் பார்த்து விளையாடினேன், அதனால் அடிக்கடி சேமிக்கப் பழகுங்கள். வெடிக்காத டோர்பிடோத் தெரிவை முதல் நாளே போடுங்கள், என்னைப்போல ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம். காந்தப் பொறியை விட்டுவிட்டு முட்டி வெடிப்பதை மட்டும் வையுங்கள், ஆழத்தைக் குறைத்து வையுங்கள். நேராக அடிக்க ஆசை வரும். நாற்பத்தைந்து பாகைக்குக் காத்திருங்கள்.

என் படகு இப்போது 1943 மே மாதத்தில் நிற்கிறது. திருத்திய ஊசி போர்க்கடலுக்கு வருவது செப்டெம்பரில்தான். அதுவரை சரிவாகவே அடிக்க வேண்டும். மாமா ஞாயிறு பின்னேரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.