மழை ரைடுக்கு "ரெயின் பேக்கேஜ்" போடுகிறீர்களா? சேலத்தில் 9,400 ரூபாய் போச்சு, படித்துவிட்டு வண்டியை விடுங்கள்

நேற்று மதியம்தான் வண்டியைப் பிரித்துப் பார்த்தோம். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் "போகட்டும்" என்று விட்டுவிடத் தோன்றும். விடக்கூடாத விஷயம் இது. கடைசியில் எதை எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறேன்.

சேலத்தில் ஒரு மல்ட்டி பிராண்ட் பைக் சர்வீஸ் கடை. பெயர் இங்கே வேண்டாம், புகார் நடந்துகொண்டிருக்கிறது. மழைக்காலம் தொடங்கியதும் "டயர் முதல் பிரேக் வரை ஒரே பேக்கேஜ், கண்ண மூடிட்டு மலை ஏறுங்க" என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் சுற்றவிட்டார்கள். வண்டி என் தம்பியுடையது, பணம் என்னுடையது. 150 சிசி, முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். ஏற்காடு ஏறி இறங்கி, ஓமலூர், தொப்பூர் வழியாக ஒகேனக்கல் போய்வரத் திட்டம். ஐப்பசி மழை, இருபது கொண்டை ஊசி வளைவு, தொப்பூர் இறக்கத்தில் லாரிக் கூட்டம். இதற்குத் தோதாக வண்டியைத் தயார் செய்யத்தான் கொடுத்தோம்.

துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தது இது. இரண்டு டயரும் சேர்த்து 4,100. செயினும் அது ஓடும் பல்சக்கரமும் சேர்ந்த செயின் ஸ்ப்ராக்கெட் செட் 1,900. முன் பிரேக் பேட் 450. பின் பிரேக் ஷூ 400. பிரேக் ஆயில் மாற்ற 350. ஜெனரல் சர்வீஸ் 1,200. "ஆன்டி ரஸ்ட் வாட்டர் ப்ரூஃப் கோட்டிங்" என்று ஒரு 1,000. மொத்தம் 9,400 ரூபாய். விலை எல்லாம் வெளியில் என்ன உண்டோ அதுதான். பாதி விலைக்குச் சொல்லியிருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்கும்.

பேச்சு அப்படி இனித்தது. என்ன சைஸ் டயர், என்ன பிரேக் ஆயில் என்று போனில் நான் சொல்லச் சொல்ல, "அண்ணா, நீங்களே எல்லாம் தெரிஞ்சு சொல்றீங்க, அதுக்கு மேல நான் என்னத்த சொல்றது. தம்பிய நம்ம வீட்டுத் தம்பியா நெனச்சு பண்ணித் தர்றேன்ணா" என்றார் கடைக்காரர். வேலை நடக்கும் இடத்தில் தம்பியை நிற்க விடவில்லை. "உள்ள லிஃப்ட் இருக்குதுங்க, கஸ்டமர் வரக்கூடாது, ஏதாச்சும் ஆயிட்டா எங்க பேருதான் கெடும்" என்று வெளியே உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். வண்டியை வெளியே தள்ளும்போது மாலை ஏழு மணி, தூறல், வாசலில் ஒரே ஒரு டியூப் லைட். டயர் இரண்டும் கருகருவென்று மின்னியது. மேலே நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் முடியைக் கிள்ளிக் காட்டி, "முடி பாரு தம்பி, இன்னும் ரோட்டையே பாக்கல" என்றாராம். பிரேக் லிவரை அழுத்தியும் காட்டியிருக்கிறார். இறுக்கமாகத்தான் நின்றது. அந்த இடத்தில்தான் 9,400 ரூபாய் கைமாறியது, அவர் சொன்ன ஒரு மொபைல் நம்பருக்கு.

அந்த முடி விஷயத்தை எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். டயரை அச்சில் வார்க்கும்போது காற்று வெளியேறுவதற்காக வைத்திருக்கும் சின்னத் துளைகளில் ரப்பர் புகுந்து வருவதுதான் அது. டயர் ரோட்டில் ஓடவில்லை என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான். குடோனில் எத்தனை வருஷம் கிடந்தாலும் முடி அப்படியே இருக்கும். ரப்பர் மட்டும் இறுகிக்கொண்டே போகும். ஈர ரோட்டில் பிடிப்பு கொடுப்பது ரப்பரின் மென்மைதான். அது போனபின் பட்டன், அதாவது டயரின் மேல் வெட்டியிருக்கும் பள்ளம், எவ்வளவு ஆழம் இருந்தும் பிரயோஜனமில்லை.

அடிவாரத்திலிருந்து ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலையே கிடையாது. மறுநாள் இறக்கத்தில்தான் வண்டவாளம் வெளிவந்தது. மழை விட்டிருந்தது, சாலை மட்டும் ஈரம், ஓரங்களில் சில்வர் ஓக் இலை நனைந்து ஒட்டிக் கிடந்தது. இரண்டாவது கியரில், இருபது கிலோமீட்டர் வேகம் கூட இல்லாமல் திரும்பும்போதே பின் டயர் நழுவியது. அதன்பிறகு எட்டு வளைவு தாண்டியதும் முன் பிரேக் லிவர் ஹேண்டில் வரை வந்து படுத்துவிட்டது. பின் பிரேக்கையும் என்ஜினையும் வைத்து மலைப்பக்க ஓடையில் வண்டியைச் சாய்த்து நிறுத்தினான். முழங்கையில் சிராய்ப்பு, லெக் கார்டு வளைந்தது. எதிரே ஒரு பஸ் வந்திருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

லிவர் ஏன் படுத்தது என்று சொல்கிறேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம். டாட் 4 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரக்கணக்கு. தண்ணீர் ஏறிவிட்டால் அதே கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலிருந்து, பின்னால் ஆளும் பையும் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து இறங்கும்போது, பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகமான காலிப்பர் சூடாகிறது. பேட் தேய்ந்து மெலிந்திருந்தால் அந்தச் சூடு நேராக ஆயிலுக்குப் போகிறது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிறது. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் லிவர் அழுந்துகிறது, பிஸ்டன் நகர்வதில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் லிவர் பழையபடி இறுகிவிடும். கடை வாசலில் அழுத்திப் பார்த்தால் எதுவும் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ப் பிரித்தோம். பிரேக் ஆயில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் மூடியைத் திறந்தால் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருக்கிறது. புது ஆயில் வெளிர் மஞ்சளில் தெளிவாக இருக்க வேண்டும். ஒரு சொட்டுக்கூட மாற்றவில்லை. பழைய ஆயிலை வெளியேற்றத் திறக்கும் பிளீட் நிப்பிளைச் சுற்றி இருந்த சேறு காய்ந்து அப்படியே இருக்கிறது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. பேட் இரண்டும் பழையது, மேற்பரப்பு கண்ணாடியாகப் பளபளத்துப் போய், ஒன்றரை மில்லிமீட்டர்தான் மிச்சம். பின் டிரம்மைக் கழற்றினால் ஷூவும் பழசு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

செயின் செட்டில் செய்த வேலைதான் எனக்கு வயிற்றெரிச்சல். பழைய செயினை டீசலில் கழுவி, மேலே ஸ்ப்ரே அடித்துப் புதிது மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் இருக்கும் கோடுகளைப் பாருங்கள். புதுச் செயின் போட்டால் ஆக்சில் (பின் சக்கர அச்சு) முன்பக்கக் கோடுகளுக்கு வந்து நிற்கும். செயின் நீளநீளப் பின்னால் போகும். இந்த வண்டியில் ஆக்சில் கடைசிக் கோட்டில் நிற்கிறது. பின் ஸ்ப்ராக்கெட் பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகிவிட்டது, நட்டுகளில் பழைய துரு. 1,900 ரூபாய்க்கு ஒரு கழுவல்!

டயர் இரண்டும் மாற்றியது உண்மை. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். இதில் 2219. அதாவது 2019-ம் வருஷத்தின் 22-வது வாரத்தில் செய்தது. பட்டன் இடுக்கை விரித்தால் மெல்லிய வெடிப்பு. அதை மறைக்க ஓடும் பரப்பு முழுக்க டயர் பாலிஷ் பூசியிருக்கிறார்கள். சிலிக்கோன் பாலிஷை ரோட்டில் படும் பரப்பில் பூசுவது கொலைக்குச் சமம், அதிலும் மழையில்! முன் டயரைத் திருப்பி வேறு மாட்டியிருக்கிறார்கள். அம்புக்குறி பின்னால் பார்க்கிறது. தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய பள்ளங்கள் அதனால் சரியாக வேலை செய்யாது. அந்த ஆயிரம் ரூபாய் கோட்டிங், பழைய என்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து அடித்தது. முகர்ந்தாலே தெரிகிறது. டயர் ஓரத்திலும் தெறித்திருக்கிறது.

இதற்கெல்லாம் வந்த பதில்களைக் கேளுங்கள். முதல் போனுக்கு, "அண்ணா, ஒரு வேலையா இருக்கேன், பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்." கூப்பிடவில்லை. அடுத்த போனுக்கு, "மழைல எல்லா வண்டிக்கும் பிரேக் அப்படித்தான்ணா, மலைல ஓட்டத் தெரியணும்." நேரில் போனால் ஓனர் ஈரோடு போயிருக்கிறார். டயரில் உள்ள நம்பரைக் காட்டினால், "அதெல்லாம் காருக்குத்தாங்க, பைக்குக்குப் பாக்க வேண்டியதில்ல" என்கிறார் உள்ளே இருந்த பையன். பழைய பார்ட்ஸ் எங்கே என்றால், "அன்னைக்கே காயலான் கடைக்குப் போயிருச்சு." மாற்றாத சாமான் எப்படிப் போகும்? ஆக்சில் கோட்டைக் காட்டினேன். பதில் இல்லை. சாயந்திரம் ஓனரே கூப்பிட்டு, "விடுங்கண்ணா, அடுத்த சர்வீஸ்ல 500 ரூபா கம்மி பண்ணிக்கலாம்" என்றார். 9,400 ரூபாய்க்கு 500! முடியாது என்றதும் குரல் மாறியது. "பில்லு இருக்குதுங்களா?" இருப்பது துண்டுச் சீட்டு. கடை பெயர் இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை. பணம் போன நம்பரும் வேறு யார் பேரிலோ இருக்கிறது. போட்டோக்களை அனுப்பினேன், பார்த்துவிட்டு பிளாக் செய்துவிட்டார்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாயிற்று. பணம் போன ஸ்கிரீன்ஷாட், விளம்பரம், பிரித்தபோது எடுத்த வீடியோ எல்லாம் இருக்கிறது. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 9,400 ரூபாய்க்கு அலைய வேண்டுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். இதே பேக்கேஜ் போட்ட வண்டிகள் இந்த வாரமும் கோரிமேடு தாண்டி ஏற்காடு மலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன, அதற்காகவாவது அலையத்தான் வேண்டும்.

நிறைய எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாக இவ்வளவு மட்டும். டயரை மாட்டுவதற்கு முன்பே நான்கு இலக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் படியுங்கள். பழைய பேட், ஷூ, செயின் எல்லாவற்றையும் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். பிரேக் ஆயில் புட்டியை உங்கள் கண் முன்னால் சீல் உடைக்கச் சொல்லுங்கள், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும். ஆக்சில் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று வண்டியை விடும்போதே ஒரு போட்டோ எடுங்கள். புது டயர் போட்டு நேராக மலைக்குப் போகாதீர்கள், நூறு கிலோமீட்டராவது சமதளத்தில் நிதானமாக ஓட்டுங்கள். பெருமழை என்றால் கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது ஞாபகம் இருக்கட்டும். இறக்கத்தில் லிவர் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போவதாகத் தெரிந்தாலே நிறுத்தி ஆறவிடுங்கள், "கீழே போய்ப் பார்த்துக்கலாம்" வேண்டாம். வேலை நடக்கும் இடத்தில் நிற்க விடாத கடையில் வண்டியை விடாதீர்கள். ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பணத்தைத் தனி ஆள் நம்பருக்குப் போடச் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.