புது ஊசியும் பழைய எரிச்சலும்: யூரையா ஹீப்பின் முதல் ஆல்பம்

போன வாரம் இசைத்தட்டு போடும் டர்ன்டேபிளுக்குப் புது ஊசி போட்டேன். பழையது தேய்ந்துபோய், பாடகர் 'ஸ' என்று வாய் திறந்தாலே எண்ணெயில் கடுகு விழுந்த மாதிரி வெடித்துக்கொண்டிருந்தது. மாற்றியதும் கை தானாக பிரிட்டிஷ் ராக் குழுவான யூரையா ஹீப்பின் முதல் ஆல்பம், 'வெரி எவி வெரி அம்பிள்' தட்டைத்தான் எடுத்தது. அதே சமயத்தில் ஒரு நண்பர் கேட்டார்: "அந்த 'வெரி எவி வெரி அம்பிள்' வாங்கலாமா? எந்தப் பதிப்பு நல்லது?" ஒரு வரியில் சொல்ல முடியவில்லை.

என்னிடம் இருப்பது 1970இல் வெர்ட்டிகோ லேபிள் வெளியிட்ட அசல் தட்டு இல்லை. நடுவில் சுழல் படம் போட்ட அந்தப் பதிப்புக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலை நமக்குக் கட்டுப்படியாகாது. தயாரிப்பாளர் ஜெரி ப்ரான் 1971இல் தொடங்கிய ப்ரான்ஸ் லேபிளின் மறுபதிப்பைத்தான், அதையும் பழையதாக, பன்னிரண்டு வருஷம் முன்பு வாங்கினேன். அட்டையில் சிலந்தி வலை அப்பிய முகம் பாடகர் டேவிட் பைரனுடையது. வீட்டில் யாருக்கும் அதைப் பிடிக்காது, குப்புறத்தான் வைப்பேன்.

முதல் பாட்டு 'ஜிப்ஸி'. இதற்காகத்தான் இத்தனை வருஷமாக இந்தத் தட்டு வீட்டில் இருக்கிறது. எழுதியவர்கள் கிட்டாரிஸ்ட் மிக் பாக்ஸும் பைரனும், ஆனால் பாட்டைச் சுமப்பது கென் ஹென்ஸ்லியின் ஆர்கன். ஒலிப்பதிவு தொடங்கிய பிறகு குழுவுக்குள் வந்தவர் அவர். கிட்டாரும் ஆர்கனும் ஒரே மெட்டைச் சேர்ந்து இடிக்கும்போது எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தேவாலயத்தில் பணிவாக ஒலிக்கும் ஒரு வாத்தியத்தைக் கரகரக்க வைத்து, நடுவில் நிமிஷக்கணக்கில் தனியாக உறும விடுகிறார். லண்டனில் ஹான்வெல் சமூகக் கூடத்தில் இவர்கள் ஒத்திகை பார்த்தபோது பக்கத்து அறையில், இதே மாதிரி கிட்டாரும் ஆர்கனும் இடிக்கும் டீப் பர்ப்பிள் குழு வாசித்துக்கொண்டிருந்ததாம். கேட்டால் நம்பத்தான் தோன்றுகிறது.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். முதல் பக்கத்தின் நாலாவதும் கடைசியுமான பாட்டு, 'லூசி ப்ளூஸ்'. ஐந்து நிமிஷம். அந்தக் காலத்து லண்டனில் எந்த பப்பில் எந்தக் குழு வேண்டுமானாலும் வாசித்திருக்கக்கூடிய, அவசரமே இல்லாத ப்ளூஸ். 'ஜிப்ஸி'யில் உறுமிய ஆள் இங்கே கைகட்டி நிற்கிறார். என்னுடையது கையால் தூக்கும் டர்ன்டேபிள் என்பதால் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் ஊசியைத் தூக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக எழுந்துகொண்டிருக்கிறேன்.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். நிமிஷத்துக்கு 33 சுற்று சுற்றும் தட்டில் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் விநாடிக்குச் சுமார் 50 செ.மீ. வரிப்பள்ளம் ஓடுகிறது. உள் ஓரத்தில் 20 செ.மீ. சொச்சம்தான். அதே இசை குறைந்த இடத்தில் நெருக்கப்படுவதால் கடைசிப் பாட்டுக்கு எப்போதுமே ஒலி கொஞ்சம் மங்கல். தேய்ந்த ஊசியின் பாவத்தையும் லூசியின் தலையில் நான் கட்டியிருக்கலாம் என்று புது ஊசியில் பொறுமையாக முழுதும் கேட்டேன். துல்லியமாகக் கேட்டது. துல்லியமாகவே அலுத்தது.

அமெரிக்காவில் வந்த பதிப்பில் இந்தப் பாட்டைத் தூக்கிவிட்டு 'பேர்ட் ஆஃப் ப்ரே'யைப் போட்டார்கள். அங்கேதான் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் விமர்சகர், இந்தக் குழு தேறிவிட்டால் தன் உயிரையே விட்டுவிடுவதாக எழுதினார். அட்டையிலும் பைரனுக்குப் பதில் புழு மாதிரி ஒரு பிராணி. பாட்டுத் தேர்வில் அவர்கள் கெட்டிக்காரர்கள், அட்டையில் நாம்.

எதிர்பாராமல் கிடைத்தது இரண்டாம் பக்கத்தின் கடைசியில். 'வேக் அப்' என்ற பாட்டு ஜாஸ் மாதிரி தாவிக்கொண்டு போய், முடிவில் திடீரென்று அடங்கி மெல்லக் கரைகிறது. அந்த இடம் இத்தனை நாளும் எனக்கு வெறும் இரைச்சல். உள் ஓரம், தேய்ந்த ஊசி, வேறு என்ன கேட்கும்? இப்போது ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக விழுகிறது. அன்றைக்கு அதை மட்டும் நாலு தடவை போட்டேன். வேடிக்கை என்னவென்றால், அதில் கீபோர்டு வாசித்தவர் ஹென்ஸ்லியே இல்லை. காலின் வுட் என்று அவருக்கு முன்னால் வந்துபோன ஸ்டூடியோ கலைஞர். முதல் பக்கத்து 'கம் அவே மெலிண்டா'விலும் அவர்தான்.

நண்பருக்கு என்ன சொன்னேன்? வாங்காதீர்கள் என்றேன். அடுத்த ஆல்பமான 'சாலிஸ்பரி'யின் பிரிட்டிஷ் பதிப்பை வாங்குங்கள், 'பேர்ட் ஆஃப் ப்ரே' அதில் இருக்கிறது, லூசி இல்லை. "அப்படியானால் உங்கள் தட்டை எனக்கே கொடுத்துவிடுங்களேன்" என்றார். பேச்சை மாற்றிவிட்டேன்.