தமிழ் ஆய்வேட்டுக்கு ஸோட்டெரோ சரிப்படுமா?

ஆய்வேட்டில் ஓர் இடத்தில் 'மேலது, ப. 45' (அதாவது, முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல், 45ஆம் பக்கம்) என்று அடிக்குறிப்பு போட்டிருப்போம். நெறியாளர் படித்துவிட்டு, அதற்கு முந்தைய பத்தியை நான்காம் இயலுக்குக் கொண்டுபோகச் சொல்வார். கொண்டுபோவோம். இப்போது அந்த 'மேலது' எந்த நூல்? அதற்கு மேலே வேறு ஒரு நூல் வந்து உட்கார்ந்திருக்கும், படிப்பவர் அந்த நூலின் 45ஆம் பக்கத்தைப் புரட்டுவார், நாம் சொன்னது அங்கே இருக்காது. கையால் அடிக்குறிப்பு எழுதிய ஆய்வேடுகளில் இந்த மாதிரித் தவறுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதில் யாருடைய நேர்மையும் குறையவில்லை, பத்தி நகர்ந்தது, குறிப்பு நகரவில்லை, அவ்வளவுதான்.

நூல் விவரங்களைச் சேமித்து வைத்து, அடிக்குறிப்பையும் துணைநூற்பட்டியலையும் தானாகவே போட்டுத் தரும் ஸோட்டெரோவை (Zotero) நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். எந்தப் பத்தியை எங்கே நகர்த்தினாலும் 'மேலது' வர வேண்டிய இடத்தில் மட்டும் வரும், மற்ற இடத்தில் நூற்பெயர் தானாக வந்துவிடும்.

இலவச மென்பொருள், திறமூலம். அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து வரலாற்றுத் துறைக்காரர்கள் 2006இல் வெளியிட்டது. அந்த வாசனை இன்னும் இருக்கிறது: நூல், கட்டுரை மட்டுமல்ல, கையெழுத்துப்படி, கடிதம், நேர்காணல், நாளிதழ்ச் செய்தி என்று ஒவ்வொன்றுக்கும் தனி வகை உண்டு. களப்பணியில் எடுத்த நேர்காணலை எந்தக் கட்டத்தில் போடுவது என்று முழிக்க வேண்டியதில்லை. வேர்டு, லிப்ரே ஆபீஸ், கூகுள் டாக்ஸ் மூன்றிலும் வேலை செய்கிறது.

சரி, தமிழுக்கு எப்படி? இங்கேதான் கொஞ்சம் உழைக்க வேண்டும்.

முதலில் பெயர். உ. வே. சாமிநாதையர் என்றால் குடும்பப்பெயர்க் கட்டத்தில் 'சாமிநாதையர்', அடுத்ததில் 'உ. வே.' என்று போடுங்கள். அடிக்குறிப்பில் 'உ. வே. சாமிநாதையர்' என்றும் துணைநூற்பட்டியலில் 'சாமிநாதையர், உ. வே.' என்றும் சரியாக வரும். இளங்கோவடிகள், தொல்காப்பியர் போன்ற ஒற்றைப் பெயர்களுக்குப் பக்கத்திலுள்ள சின்ன பொத்தானை அழுத்தினால் இரண்டு கட்டமும் ஒன்றாகிவிடும். நூலகத் தளங்களிலிருந்து ஒரே சொடுக்கில் இழுத்த விவரங்களை மட்டும் நம்பாதீர்கள். தலைப்பெழுத்து குடும்பப்பெயராகப் போயிருக்கும், பதிப்பாசிரியர் ஆசிரியராகியிருப்பார்.

பழைய நூல்களின் ஸ்கேன் பிடிஎஃப்களை உள்ளே போட்டால் அது எதையும் தானாகக் கண்டுபிடிக்காது, ஐஎஸ்பிஎன் (நூலுக்கான அடையாள எண்) இல்லாத நூலில் அது எதை வைத்துத் தேடும்? கையால்தான் உள்ளிட வேண்டும். முகப்புப் பக்கத்தில் 'ஜய வருஷம்' என்று மட்டும் இருந்தால் ஆங்கில ஆண்டைக் கணக்கிட்டு ஆண்டுக் கட்டத்திலும், தமிழ் ஆண்டை 'எக்ஸ்ட்ரா' கட்டத்திலும் எழுதி வைக்கிறேன். ஜய 1894-95ஆகவும் இருக்கலாம், 1954-55ஆகவும் இருக்கலாம் இல்லையா, பின்னால் சந்தேகம் வந்தால் அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

அப்புறம் மேற்கோள் பாணி. அடிக்குறிப்பு எழுதப் பலரும் பின்பற்றும் சிகாகோ முறையின் 18ஆம் பதிப்பு (2024), 1900க்குப் பிறகு வந்த நூல்களுக்கு வெளியீட்டு இடம் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. நம் துறைகளிலோ 'சென்னை' இல்லாமல் பட்டியல் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள். அதனால் 17ஆம் பதிப்பின் முழு அடிக்குறிப்பு வடிவத்தை, அதிலும் 'இபிட்' (Ibid., ஆங்கிலத்தில் 'மேலது') வருகிற வகையை எடுத்தேன். ஸோட்டெரோவிலேயே பாணிக் கோப்பைத் திருத்தும் வசதி இருக்கிறது. அதில் 'இபிட்' என்ற சொல்லுக்கு 'மேலது', பக்கத்துக்கு 'ப.', பல பக்கங்களுக்கு 'பக்.', பதிப்பாசிரியருக்கு 'ப.ஆ.' என்று மாற்றலாம். சிகாகோவில் பக்க எண்ணுக்கு முன்னால் எதுவும் வராது என்பதால் அந்த இடத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. எனக்கு நிரல் எழுதத் தெரியாது, இருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. கோப்பின் பெயரையும் அடையாள வரியையும் மாற்றிச் சேமியுங்கள், இல்லையென்றால் அடுத்த புதுப்பிப்பில் உங்கள் திருத்தம் எல்லாம் போய்விடும்.

தீராத குறை ஒன்று உண்டு. ஒரு கோப்புக்கு ஒரு மொழிதான். தமிழாக மாற்றிவிட்டால் ஆங்கில நூலுக்கும் 'ப.ஆ.' என்றே வரும். என் துறையில் அது ஏற்கப்பட்டது, உங்கள் நெறியாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சங்கப் பாடல்களுக்கு ஸோட்டெரோ வேண்டாம் என்பது என் கருத்து. '(புறம். 192)' என்று பாட்டின் கீழேயே எழுதுவது நம் மரபு, படிப்பவருக்கும் அதுதான் வசதி. எந்தப் பதிப்பு என்பதை முதல் இடத்தில் ஒரே ஒரு குறிப்பாகக் கொடுத்தால் போதும்.

ஸோட்டெரோவின் இணையத்தில் இலவசச் சேமிப்பு 300 எம்பிதான், பழைய நூல்களின் ஸ்கேன் சிலவற்றைப் போட்டாலே நிரம்பிவிடும். 2 ஜிபிக்கு வருடம் 20 டாலர். நான் பணம் கட்டவில்லை, விவரங்களை மட்டும் ஒத்திசைத்துவிட்டு பிடிஎஃப்களை ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன்.

தட்டச்சு செய்யக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யூனிகோடில்தான் வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்த பக்கங்களுக்கு நடுவே ஸோட்டெரோவின் அடிக்குறிப்பு ஒட்டாது. என் இரண்டாம் இயலைப் பக்க வடிவமைப்புக்காக ஒரு டிடிபி கடையில் கொடுத்தேன், அவர்கள் வேறு மென்பொருளில் ஒட்டித் திருப்பித் தந்தபோது 112 அடிக்குறிப்புகளும் வெறும் எழுத்தாகியிருந்தன, நல்லவேளையாக மூலக் கோப்பு என்னிடம் இருந்தது. இப்போதெல்லாம் வெளியே கொடுக்கும் முன் ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும், ஸோட்டெரோவின் தொடர்பை அறுத்துக் குறிப்புகளை வெறும் எழுத்தாக்கும் 'அன்லிங்க்' பொத்தானை அழுத்திக் கொடுக்கிறேன். மூலக் கோப்பு பென் டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என்று இரண்டு இடத்தில் இருக்கிறது.