ஸ்கேன் தேதியை மதிக்காத கர்ப்பகாலச் செயலி

பிரசவ தேதியைத் திருத்த இந்தச் செயலியில் வழியே இல்லை என்று சொன்னால் அது பொய். வழி இருக்கிறது. திருத்தினால் ஏற்றுக்கொள்ளவும் செய்கிறது. அடுத்த அப்டேட் வந்ததும் சத்தமில்லாமல் பழைய தேதிக்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. மகன் பிறக்கும்வரை இதே மல்லுக்கட்டு.

கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு 280 நாட்களைக் கூட்டுவது, நேகலே என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரால் வழங்கும் 19ஆம் நூற்றாண்டுக் கணக்கு. 28 நாள் சுழற்சி, 14ஆம் நாள் வாக்கில் கருமுட்டை வெளிப்படும் என்று வைத்துக்கொண்டால்தான் அது சரிவரும். எனக்கோ சுழற்சி 35 நாள். கரு உருவானதே ஒரு வாரம் தள்ளி. எட்டாவது வார ஸ்கேனில் அது தெரிந்ததும் மருத்துவர் தேதியை மாற்றினார். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் அட்டையிலிருந்த பழைய தேதியை ஒரே கோட்டில் அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதினார். முடிந்தது வேலை.

ஒரு வாரம்தானே என்று தோன்றலாம். சர்க்கரைப் பரிசோதனைக்கு 24 முதல் 28 வாரம்வரை அவகாசம் உண்டு, அங்கே பாதகமில்லை. கடைசியில்தான் வினை. மருத்துவர் கணக்கில் 39 வாரம் நடக்கும்போதே ‘40 வாரம் நிறைந்தது’ என்று என் கைப்பேசியிலும் கணவர் கைப்பேசியிலும் மணியடித்தது. வலி ஏன் இன்னும் வரவில்லை என்று மாமியார் ஊரெல்லாம் போன் போட ஆரம்பித்துவிட்டார். குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான் என்று அந்த அறிவிப்பிலேயே ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

குழந்தையின் அளவை வாரந்தோறும் புளூபெர்ரி, கேல் கீரை என்று ஒப்பிடுவதை மன்னித்துவிடலாம். கர்ப்பத்தைப் பதிவுசெய்யும்போது அரசு தரும், பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்கும் 12 இலக்க ஆர்சிஎச் எண்ணைக் குறித்துவைக்க ஒரு கட்டம்கூட இல்லாததை மன்னிக்க மனம் வரவில்லை.

அசைவு எண்ணும் பகுதியை மட்டும் வேறு யாரோ புண்ணியவதி வடிவமைத்திருக்க வேண்டும். திரை முழுக்க ஒரே பொத்தான். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடி, அரைத் தூக்கத்தில்கூட அழுத்தலாம், இணையம் வேண்டாம். பத்து அசைவுக்கு எவ்வளவு நேரமானது என்று தேதிவாரியாக வைத்திருக்கும். இவனுக்கு ஆட்டமெல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு மணி நேரத்தில் பத்து வராத ஓர் இரவில், குளிர்ந்த நீர் குடியுங்கள், இனிப்பு சாப்பிடுங்கள் என்று வளவளக்காமல் ‘உடனே மருத்துவமனைக்குப் போங்கள்’ என்று மட்டும் சொன்னது. போனோம். நல்லவேளை, ஒன்றுமில்லை. பணியிலிருந்த மருத்துவர் அந்தப் பட்டியலை வாங்கி நிதானமாகப் பார்த்தார். இதைவிட ஒழுங்கான ஒன்றை வேறு எந்தச் செயலியிலும் நான் பார்த்ததில்லை.

இப்போது ஆண்டுச் சந்தாவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள்; வாங்கலாமா என்று நான்காம் மாதத்திலிருக்கும் தோழி கேட்கிறாள். அவளுக்கு 28 நாள் பிசகாத சுழற்சி. நான் பட்ட தொல்லை எதுவும் அவளுக்கு வரப்போவதில்லை. இருந்தாலும், பத்துப் பைசா கட்டாதே என்றுதான் சொல்லியிருக்கிறேன்.