கல்லடி டியூட்டரியில் மூன்று மாதம்: ஜனாதிபதியா, உயர் நீதிமன்றமா?

தங்கச்சி சட்டக்கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அவளை இறக்கிவிடத்தான் மட்டக்களப்பில் கல்லடிப் பாலம் தாண்டி இருக்கிற அந்த டியூட்டரிக்குப் போனேன். வெயில் தாங்காமல் பின் வாங்கில் கொஞ்ச நேரம் இருந்தேன், அப்புறம் நானும் காசு கட்டி மூன்று மாதமும் விடாமல் போய்விட்டேன். சனிக்கிழமை பின்னேரம் இரண்டரை மணித்தியாலம், மாதம் 2000 ரூபாய்.

சேர் நோட்ஸ் சொல்லி எழுத வைக்கிறவர் இல்லை. நிறைவேற்றுத்துறையும் நீதித்துறையும் என்ற பகுதிக்கு வந்த அன்று அரசியலமைப்பின் 107(3) ஆம் உறுப்புரையைப் பலகையில் எழுதினார். நீதியரசரை நீக்குகிற நடைமுறையைப் பாராளுமன்றம் சட்டத்தால் அல்லது நிலையியற் கட்டளைகளால் (சபை தனக்கென்று வைத்திருக்கிற விதிகளால்) வகுக்கவேண்டும் என்று வருகிற வரி அது. அதில் ‘அல்லது’ என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் சிவப்புக் கோடு போட்டுவிட்டு, அப்போதைய பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவின் கதை முழுவதையும் அந்த ஒரு சொல்லில் இருந்தே சொன்னார். வறுமை ஒழிப்புக்கென்று அரசாங்கம் கொண்டுவந்த திவிநெகும சட்டமூலம் மாகாண சபைகளின் அதிகாரத்தில் கை வைக்கிறது, அவர்களிடம் அனுப்பவேண்டும் என்று 2012 இல் நீதிமன்றம் சொல்கிறது, கொஞ்ச நாளில் அவரை நீக்கக் கேட்டு 117 எம்.பி.மார் ஒப்பமிட்ட குற்றப்பிரேரணை வருகிறது. நிலையியற் கட்டளை சட்டம் ஆகாது, அதை வைத்துத் தெரிவுக்குழு ஒரு நீதியரசரைக் குற்றவாளியாகக் காண முடியாது என்று உயர் நீதிமன்றம் வியாக்கியானம் கொடுத்தும் 2013 ஜனவரியில் பாராளுமன்றம் 155க்கு 49 என்று வாக்களிக்க, ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ அவரை நீக்கிவிட்டார். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றமே அந்த வியாக்கியானம் பிழை என்று மாற்றிச் சொன்னதைக் கேட்டபோது வகுப்பில் ஒரு சத்தம் இல்லை.

அடுத்த கிழமை 2018. 33 ஆம் உறுப்புரை தனக்கு அதிகாரம் தருகிறது என்று அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைக்கிறார், தமிழ்த் தேசியக் கூட்டமைப்புத் தலைவராக இருந்த சம்பந்தன் ஐயா உட்படப் பலர் வழக்குப் போடுகிறார்கள், டிசம்பர் 13 ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒரே குரலில் அது செல்லாது என்கிறார்கள். ஏன் இந்த முறை தீர்ப்பு நின்றது? 19 ஆம் திருத்தம் 70 ஆம் உறுப்புரையில், நாலரை வருடம் ஆகும் முன் ஜனாதிபதி தன் விருப்பத்துக்குப் பாராளுமன்றத்தைக் கலைக்க முடியாது என்று தெளிவாக எழுதி வைத்திருந்தது என்றார் சேர். எனக்கு அது மட்டும் காரணமாகத் தெரியவில்லை. எதிர்ப் பக்கத்திடம் பாராளுமன்றப் பெரும்பான்மையும் இருந்தது, 2013 இல் அந்த அம்மாவுக்கு அது இருக்கவில்லை. எழும்பிச் சொன்னேன், இருபது நிமிடம் அதிலேயே போனது.

ஆனால் இந்த வகுப்பை நான் மறக்காமல் இருக்கப்போவது வடக்கு கிழக்கு வழக்குக்காக. 1988 இல் ஜே.ஆர். ஜயவர்தன அவசரகால ஒழுங்குவிதியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாகாணத்தையும் சேர்த்தார், 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது, 2007 ஜனவரி முதலாம் திகதி கிழக்கு தனியானது. முஸ்லிம் ஊரான காத்தான்குடிப் பொடியன் ஒருவன் அது சரியான தீர்ப்பு என்கிறான், தமிழ் ஊரான களுவாஞ்சிகுடிப் பிள்ளை கண் கலங்கி இல்லை என்கிறாள், சேர் இருவரையும் முழுக்கப் பேச விட்டார். ஜனாதிபதி சட்டத்தை மீறினார் என்று நீதிமன்றம் சொல்வது நமக்கு வலிக்கிற இடத்திலும் அதை ஏற்க முடியுமா என்று அன்று முழுக்க யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன். எங்கட ஊரில் இதை இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்து பேச வேறு இடம் எனக்குத் தெரியாது.

குறையும் இருக்கிறது. தீர்ப்புகளின் போட்டோக் கொப்பி எல்லாம் ஆங்கிலத்தில், எழுத்தும் மங்கல். தமிழ் மூலம் படித்த பிள்ளைகள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். நாலு பக்கச் சுருக்கமாவது தமிழில் கொடுக்கவேண்டும், கேட்டிருக்கிறேன். வகுப்பு சொன்ன நேரத்துக்கு முடிவதும் இல்லை, தூரத்துப் பிள்ளைகள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். பெண் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் கூட்டிப்போக ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

பரீட்சை எடுக்காதவர்களையும் சேர்க்கிறார்கள். முன் வாங்கு வேண்டும் என்றால் இரண்டு மணிக்கே போங்கள், பின்னால் இருந்தால் மின்விசிறிச் சத்தத்தில் சேரின் குரல் கேட்காது.