கேரியரும் மட்கார்டும்: செவ்வாய்பேட்டைக் கடையொன்றின் வேலை

கன்னங்குறிச்சியிலிருந்து சூரமங்கலத்தில் உள்ள அலுவலகத்துக்கு நாள்தோறும் சைக்கிளில் சென்று வருகிறேன். சேலத்தில் கோடை மழை மாலை நேரத்தில்தான் கொட்டும். ஐப்பசி அடைமழையைச் சொல்லவே வேண்டாம். பின்சக்கரம் வாரியிறைக்கும் சேறு சட்டை முதுகில் கோடாகப் படிவதும், தோளில் தொங்கும் பைக்கு அடியில் வியர்வை ஊறுவதும் பொறுக்க முடியாமல் போனதால், செவ்வாய்பேட்டையில் உள்ள ஒரு சிறிய சைக்கிள் கடையில் மட்கார்டும் கேரியரும் பொருத்திக்கொண்டேன். மூன்று மாதங்கள் ஓட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

என்னுடையது 700×35 டயரும் (அதாவது 35 மில்லிமீட்டர் அகலம்) டிஸ்க் பிரேக்கும் உள்ள வண்டி. கடைக்காரர் முதலில் டயரின் அகலத்தை அளந்து, அதைவிட 10 மில்லிமீட்டர் கூடுதலாக, 45 மில்லிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் மட்கார்டை எடுத்து வைத்தார். டயரும் மட்கார்டும் ஒரே அகலமாக இருந்தால் தண்ணீர் பக்கவாட்டில் தெறித்துவிடும் என்றார். கேரியர் எடுக்கும்போதும், டிஸ்க் பிரேக்கில் இடிக்காதபடி கால்கள் வெளிப்பக்கம் வளைந்திருந்த இரும்புக் கேரியரையே தேர்ந்தெடுத்தார். 25 கிலோ வரை தாங்கும் என்று அதில் பொறித்திருந்தது. எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் ஆனது. அதில் கூலி 200 ரூபாய்.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். சக்கரத்தைச் சுழலவிட்டு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே தன் சுண்டுவிரலை நுழைத்தபடியே முன்னிருந்து பின்வரை இடைவெளியைச் சரிபார்த்தார். ஓரிடத்தில் இறுக்கமாக இருந்ததால் மட்கார்டைத் தாங்கும் கம்பியை மீண்டும் கழற்றி அரை விரற்கடை வெளியே இழுத்து முடுக்கினார். நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனைகளை ரம்பத்தால் அறுத்து, கால் கிழிபடாதபடி அரத்தால் மழுங்கத் தேய்த்தார். மட்கார்டு வண்டியின் சட்டத்தை (ஃபிரேமை) தொடும் இடத்தில் பழைய டியூபிலிருந்து நறுக்கிய ஒரு துண்டை வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஐந்து ரோட்டில் குண்டு குழிகளில் ஏறி இறங்கும்போதும் இன்றுவரை மட்கார்டு கடகடத்ததில்லை.

குறை ஒன்று இருந்தது. என் வண்டியின் சட்டத்தில் பின்சக்கர அச்சுக்கு அருகே பக்கத்துக்கு ஒரே ஒரு துளைதான் உண்டு. மட்கார்டின் கம்பியைச் சட்டத்தை ஒட்டி வைத்து, அதற்கு வெளியே கேரியரின் காலை வைத்து, இரண்டையும் ஒரே குட்டை போல்ட்டில் மாட்டிவிட்டார். பத்து நாட்களில் இடதுபக்க போல்ட் தளர்ந்து, சூரமங்கலம் உழவர் சந்தையில் வாங்கிய காய்கறி மூட்டையோடு கேரியர் ஒருபக்கமாகச் சாய்ந்தது. பாரம் சுமக்கும் கேரியர்தான் சட்டத்தை ஒட்டி உட்பக்கம் இருக்க வேண்டும், இலேசான மட்கார்டுக் கம்பி வெளியே இருக்க வேண்டும். பாரம் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவுக்கு போல்ட் வளையும். மறுநாள் காட்டியதும் அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் வரிசையை மாற்றி, நீளமான போல்ட்டும் உட்புறம் நைலான் வளையமுள்ள நட்டும் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அதன்பின் நான் வாரந்தோறும் அல்லன் கீயால் (அறுகோண முனைச் சாவி) ஒரு முறை முடுக்கிப் பார்க்கிறேன், ஒரு சுற்றுகூட நகரவில்லை.

முன்பக்க மட்கார்டு சற்றுக் குட்டை என்பதால் காலணி நனைந்துகொண்டிருந்தது. அதன் கீழ்முனையில் லாரி டியூபை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி இரண்டு திருகால் தொங்கவிட்டுத் தந்தார். இப்போது மழையில் அலுவலகம் போய்ச் சேர்ந்தாலும் காலுறை நனைவதில்லை.